சீருடையில் அழுதவர்

மலையடிவார ஊரான சாரி-கெச்சூவில் போலீஸ் என்று சொன்னால் யாருக்கும் ஓமுர்சாக் நினைவுக்கு வருவதில்லை. சந்தைக்கு எதிரே இருக்கும் இரண்டு மாடி நிலையமும், அதன் வாசலில் கறுப்புக் கண்ணாடி கார்களில் வந்து இறங்குகிறவர்களும்தான் போலீஸ். ஓமுர்சாக் மேல்தெருக்களின் வட்டாரக் காவலர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை உண்டு. அதில் புகைகிற அடுப்பு, கால் ஆடும் மேசை, சுவரில் ஜனாதிபதியின் படம் தொங்கிய ஆணி. ஆட்சி கவிழக் கவிழப் படத்தை மாற்றி அலுத்துப்போய், கடைசியில் ஆணியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். வேலியைத் தள்ளிப் போட்டவன், வாய்க்கால் தண்ணீரை முறை தவறித் திருப்பியவன், குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்தவன், காணாமல் போன செம்மறி ஆடு. அவருடைய நாட்கள் இவற்றிலேயே போயின.

அவர் அந்த வேலைக்கு வந்ததே முறைக்கு விரோதமாகத்தான். பிறந்து வளர்ந்த ஊரில் ஒருவரை வட்டாரக் காவலராக நியமிக்கக் கூடாது. சொந்தக்காரர்கள் நடுவில் சட்டம் நொண்டும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஆனால் மேல்தெருக்களில் வெளியூர்க்காரர் யாரும் நிலைக்கவில்லை. ஒருவர் முதல் பனியிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார். அடுத்து வந்தவருக்கு ஊர்க்காரர்கள் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற ஒரே பதிலைத்தான் கொடுத்தார்கள். அவர் குடிக்கத் தொடங்கி, அதிலேயே வேலையும் போயிற்று. எல்லைக் காவலில் ராணுவ வேலையை முடித்துவிட்டுத் திரும்பி, அப்பாவின் பழைய டிராக்டருக்கு உதிரிப் பாகம் தேடி அலைந்துகொண்டிருந்த ஓமுர்சாக்கைப் பிடித்து, வேறு ஆள் கிடைக்கும்வரை என்று ஆணையில் ஒரு வரி சேர்த்து நியமித்தார்கள். வேறு ஆள் கிடைக்கவேயில்லை. அந்த ஒரு வரியோடேயே அவருக்குத் தலை நரைத்தது. பக்கத்து வட்டாரத்தில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேஜராகிப்போனார்கள். தற்காலிக ஆளுக்குப் பதவி உயர்வு எப்படிக் கொடுப்பது?

நடத்தை விதிகளை அவர் பயிற்சிப் பள்ளியில் ருஷ்ய மொழியில் மனப்பாடம் செய்து, கொடியைத் தொட்டுச் சத்தியம் செய்தவர். சில வருடங்களுக்கு ஒருமுறை தகுதிக் குழு வந்து உட்காரும்போது அவற்றை ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒரு தடவை பாதியில் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. குழுத் தலைவர் சிரித்துவிட்டு, உனக்கு எதற்கப்பா இதெல்லாம், போய் ஆட்டைத் தேடு என்று தேர்ச்சி போட்டு அனுப்பினார். விதிகளைப் பற்றி அந்த ஊரில் எல்லோருக்கும் இருந்த எண்ணம் அதுதான். அவை தகுதிக் குழு வரும் நாளைக்கானவை.

புகார் கொடுத்தவர் வீட்டிலோ, புகாருக்கு ஆளானவர் வீட்டிலோ கை நனைக்கக் கூடாது என்று ஒரு விதி. அங்கே ஒரு வீட்டுக்குள் போய் ரொட்டியைப் பிய்க்காமல் திரும்பினால் அந்த வீட்டைத் துப்பிவிட்டு வந்ததற்குச் சமம். சடங்குகளில் சீருடையோடு கலந்துகொள்ளக் கூடாது என்று இன்னொன்று. வேறு உடைக்கு மாறிக்கொள்ள வீட்டுக்கு ஓட யாருக்கு நேரம்? ஓமுர்சாக் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். கல்யாணமோ, சாவோ, குழந்தைக்குத் தொட்டில் கட்டும் விருந்தோ, தொப்பியைக் கழற்றி காரின் முன் இருக்கையில் வைத்துவிட்டு இறங்குவார். தொப்பி காரில் இருக்கும்வரை அவர் அதிகாரி இல்லை. ஊர் அதை ஏற்றுக்கொண்டிருந்தது. பள்ளிச் சமையலறையில் ரொட்டி சுடும் அவருடைய மனைவி பாத்மா காலையில் அவர் கிளம்பும்போது கேட்பாள்: "இன்னிக்குத் தொப்பியா, தலையா?"

இலையுதிர்காலம். கால்நடைகள் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கிவிட்டிருந்தன. யாருடைய குதிரை திரும்பியது, யாருடையது திரும்பவில்லை என்று ஊரே கணக்குப் பார்க்கும் பருவம் அது. அந்த வருடம் திரும்பாதவற்றில் ஒன்று, நிலையத் தலைவர் கெல்திபெக்கின் மைத்துனருடைய சிவப்புப் பெண்குதிரை. அந்த மந்தையை மேய்த்தவன் உலார்பெக். மேல்தெருவில் துர்துகானின் ஒரே மகன். இரண்டு துப்பறியும் காவலர்கள் வந்து, கொஞ்சம் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று மாலையில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அவன் பாலத்துக்குக் கீழே பாசன வாய்க்காலில் கிடந்தான்.

கெல்திபெக் தொலைபேசியில் கூப்பிட்டு ஓமுர்சாக்கிடம் சொன்னது சுருக்கமாக இருந்தது. பையனை முந்தின இரவே விட்டுவிட்டார்கள். போகிற வழியில் குடித்திருக்கிறான், தவறி விழுந்திருக்கிறான். உன் வட்டாரம், நீ போய் உடலைப் பார்த்து அறிக்கை எழுது. உடலை அறுக்க வேண்டாம் என்று குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிவிடு. பாவம், அவர்களை அலைக்கழிக்காதே. கடைசி வாக்கியத்தை அவர் நிஜமான இரக்கத்தோடு சொன்னது போலத்தான் இருந்தது.

துர்துகானின் வீட்டு முற்றத்தில் உடலைக் கிடத்தும் கம்பளிக் கூடாரம் எழும்பியிருந்தது. வாசலில் ஆண்கள் கம்புகளில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள். துக்கத்துக்கு வருகிற ஆண் சும்மா நடந்து வர மாட்டான். தெரு முனையிலேயே குரலெடுத்து, அழுதுகொண்டே ஓடி வருவான். கூடாரத்தின் முன்னால் நிற்பவர்களும் அதே குரலில் அழுது அவனைத் தாங்கிக்கொள்வார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஓமுர்சாக் காரிலிருந்து இறங்கியபோது அந்த ஒப்பாரியில் துர்துகானின் குரல் கேட்டது. உலார்பெக்கைச் சின்னப் பையனாகப் பார்த்தவர் அவர். போன வசந்தத்தில் சேற்றில் மாட்டிய அவருடைய காரைக் குதிரை பூட்டி இழுத்துவிட்டதும் அவன்தான். அவருடைய கால்கள் தாமாகவே ஓடத் தொடங்கின.

"என் ஈரக்குலையே! என் ஈரக்குலை அறுந்துபோச்சே!"

அந்த ஊரில் துக்கத்துக்கு வரும் ஆண் அழும் சொற்கள் அவை. ஈரக்குலை என்றால் கூடப் பிறந்த ரத்தம் என்று பொருள். அப்படி அழுவதற்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்றில்லை. அண்டை வீட்டுக்காரனும் அழுவான், கடனுக்காகச் சண்டை போட்டவனும் அழுவான். ஓமுர்சாக்கைப் பொறுத்தவரை ஒரு தூரத்து உறவும் இருந்தது. ஐந்தாறு தலைமுறைக்கு முன்னால் அவருடைய பாட்டன்மார்களும் உலார்பெக்கின் பாட்டன்மார்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மேல்தெருக்களில் பாதிப் பேருக்கு அவர் அப்படித்தான் சொந்தம். துர்துகானை அவர் அண்ணி என்று கூப்பிடுவதும் அந்த வழியில்தான்.

வாசலில் இறந்தவனின் சித்தப்பா அசனாலி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் அழுதார்கள். அழுகை ஓய்ந்து உள்ளே போனபோது, திரைக்குப் பின்னால் போர்த்திக் கிடந்த உடலின் மேல் துணியை அசனாலியே விலக்கிக் காட்டினார்.

மணிக்கட்டுகள் இரண்டையும் சுற்றித் தோல் உரிந்து, கன்றிய வளையம் இருந்தது. உள்ளங்கால்கள் குதிகாலிலிருந்து விரல்வரை கறுத்து வீங்கியிருந்தன. வாய்க்காலில் விழுந்தவனுக்கு உள்ளங்கால் அப்படி ஆகாது. ஓமுர்சாக் அதிக நேரம் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த இடத்தில் அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மருத்துவர் அறுத்துப் பார்க்க வேண்டும் என்று குடும்பத்திடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார். தன் முழங்கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்த அசனாலியின் கையைப் பார்த்தார். ரத்தம் என்று சொல்லி அழுத வாயால், அடுத்த நிமிஷமே கத்தியைப் பற்றிப் பேச அவரால் முடியவில்லை. வெளியாளாக நடந்து வந்திருந்தால் கேட்டிருப்பார். உடலை அறுக்க வேண்டாம் என்று குடும்பம் எழுதி, அசனாலி நீட்டிய தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியேறும்போது துர்துகான் முகத்தைத் திருப்பினாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணி."

"பார்த்ததை எழுதுவியா?"

"எழுதறேன்."

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முன் இருக்கை காலியாக இருப்பதை அவர் கவனித்தார். கையைத் தூக்கித் தலையைத் தொட்டார். தொப்பி தலையிலேயே இருந்தது.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, பிரதியை மாகாண அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பினார். அதற்குள் உலார்பெக்கைக் குளிப்பாட்டி அடக்கம் செய்துவிட்டார்கள். குளிப்பாட்டிய மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டே கூடாரத்திலிருந்து வெளியே வந்தார்கள். இறந்தவர் உடம்பில் கண்டதைக் குளிப்பாட்டியவர் வெளியே சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் உடம்பு சுத்தமா இருந்தது என்றுதான் சொல்வார்கள். எல்லாச் சாவிலும் அதே வார்த்தைதான். மாகாணத்திலிருந்து கேட்டபோதும் அவர்கள் மூவரும் அதையே சொன்னார்கள். தாங்கள் செய்தது என்னவென்று அவர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் அந்த வழக்கத்தை மீற அவர்களில் யாருக்கும் வாய் வரவில்லை. உடல் மண்ணுக்குள் போய்விட்டது. தோண்டுவதற்கு அந்த ஊரில் எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. ஓமுர்சாக்கின் இரண்டு கண்கள் பார்த்தது மட்டும்தான் மிச்சம்.

கெல்திபெக் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கோபப்படவில்லை.

"நீ அழுதியாமே, ஊரே சொல்லுது."

"எல்லாச் சாவுக்கும் அழறதுதானே ஐயா. உங்க மாமனாருக்கும் அழுதேனே."

"அப்போ உன் தொப்பி கார்ல இருந்துச்சு." கெல்திபெக் சர்க்கரையைக் கலக்கினார். "ஈரக்குலைன்னு சொல்லி அழுதிருக்கே. முப்பது நாப்பது பேர் கேட்டிருக்காங்க. சொந்தக்காரன் சாவை நீ எப்படிப்பா விசாரிக்கலாம்? நீயே ஒதுங்கிக்கணும். இது நான் போட்ட விதியில்ல. நீ கொடியத் தொட்டுச் சத்தியம் பண்ணினது."

இத்தனை வருடத்தில் அந்த விதியை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரித்துக்கூட ஓமுர்சாக் கேட்டதில்லை. கெல்திபெக் மேலும் பொறுமையாக விளக்கினார். இறந்தவன் என் உறவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டால் போதும். பழைய அறிக்கை செல்லாததாகிவிடும்; வேறு ஆள் புதிதாக எழுதுவார். விலகியவன் மேல் எந்தக் குறையும் இல்லை, நேர்மையாக நடந்துகொண்டான் என்றுதான் பெயர். அப்புறம் அந்தத் தற்காலிக நியமன வரி. அதை எடுத்துவிட்டு நிரந்தரமாக்க இந்த வருடம் தானே எழுதப்போவதாகவும் சொன்னார்.

ஓமுர்சாக் தேநீரைக் குடிக்காமல் எழுந்தார். அன்று மாலை அவர் சொன்னதை எல்லாம் கேட்ட பாத்மா ரொட்டி மாவை அழுத்திப் பிசைந்துகொண்டே, ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது என்றார் அவர். எழுதாவிட்டால்? தெரியாது. பாத்மா மாவைத் துணியால் மூடி வைத்தாள். பிறகு, எழுதிக் கொடுத்துவிட்டு நீ மேல்தெருவில் எப்படி நடப்பாய், அதை மட்டும் சொல் என்றாள்.

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே துறை விசாரணை வந்தது. மாகாணத்திலிருந்து ஒரு கர்னல் வருவார். இறந்தவன் ஓமுர்சாக்குக்கு உறவா, இல்லையா என்று குடும்பத்தாரையே கூப்பிட்டுக் கேட்பார். உறவு என்றால் அறிக்கை குப்பைக்குப் போகும்.

விசாரணைக்கு முன்பு ஓமுர்சாக் துர்துகானின் வீட்டுக்குப் போனார். கூடாரத்தைப் பிரித்திருந்தார்கள், முற்றத்தில் புல் அழுந்திய வட்டம் மட்டும் தெரிந்தது. அசனாலியும் இருந்தார். ஓமுர்சாக் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். நான் உங்களுக்கு உறவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர்கள் முன்னால், சத்தமாக. அவ்வளவுதான்.

அசனாலிக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பிணத்துக்கு ஓடி வந்து அழுதவனை யாருன்னே தெரியாதுன்னு சொல்லணுமா? நாளைக்கு நான் செத்தா எனக்கு யாருடா அழுவான்?"

"சட்டத்துல சொந்தம்னா அப்பா அம்மா, அண்ணன் தம்பி, அவ்வளவுதான் அண்ணே. அதைத்தான் கேக்குறாங்க."

"அவங்க கேக்கறது அது. ஊர் காதுல விழறது வேற."

அது உண்மைதான் என்பது ஓமுர்சாக்குக்கும் தெரியும். ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரைச் சொல்லத் தெரியாதவனை மனிதனாகவே மதிக்காத ஊர் அது. இவன் எங்களில் ஒருவன் இல்லை என்று ஒருவனைச் சபையில் சொல்வது, அவனைக் கல்லால் அடித்து விரட்டுவதற்குச் சமம். அதன் பிறகு அந்தப் பாட்டன்மார்களைப் பங்கு போட்டுக்கொண்ட எல்லா வீட்டிலும் அவனுக்குக் கதவு சாத்தப்படும். சொன்னவனுக்கும் அவமானம், சொல்லப்பட்டவனுக்கும் அவமானம்.

துர்துகான் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். சிரிப்பு மாதிரி ஏதோ அவள் உதட்டில் வந்து போயிற்று.

"அண்ணி அண்ணின்னு கூப்பிட்டுக்கிட்டே உள்ள வந்து, அண்ணி இல்லைன்னு சொல்லுங்கிறியே."

 சொல்வதாகவும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் வாசலைத் தாண்டும்போது மட்டும், உள்ளங்கால் எவ்வளவு தூரம் கறுத்திருந்தது என்று கேட்டாள். பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஓமுர்சாக் சொன்னார். குதிகாலிலிருந்து விரல்வரை என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

விசாரணை நிலையத்தின் மாடியில் நடந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் கர்னலும் கெல்திபெக்கும். ஓரத்தில் அந்த இரண்டு துப்பறியும் காவலர்களுக்காக வந்திருந்த வக்கீல், காலணியில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடைபாதையில் மேல்தெரு ஆண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கதவைச் சாத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கெல்திபெக் அப்படித்தான் விரும்பியிருக்க வேண்டும்.

முதலில் அசனாலியைக் கூப்பிட்டார்கள். கர்னல் கேள்வியை நேராகத்தான் கேட்டார். அசனாலி ஒருமுறை நடைபாதையைத் திரும்பிப் பார்த்தார். தான் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையையும் இந்தக் கூட்டம் வீட்டுக்குக் கொண்டுபோகும் என்று அவருக்குத் தெரிந்தது. ஓமுர்சாக்கையும் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாட்டன்மார் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லத் தொடங்கினார். எங்கே இரண்டு குடும்பமும் பிரிந்தன என்று விரல் விட்டுக் காட்டினார்.

"இவன் எங்க ரத்தம். இல்லைன்னு சொல்ல என்னால முடியாது."

அன்பினால்தான் சொன்னார். நடைபாதையில் நின்றவர்கள் மெல்ல ஆமோதித்தார்கள். கெல்திபெக் தன் பேனாவைத் திறந்தார்.  பிறந்ததிலிருந்து தெரிந்த மனிதர்கள், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள் என்று ஓமுர்சாக் நினைத்தார்.

அப்போது துர்துகான் கூப்பிடாமலேயே உள்ளே வந்தாள். வெள்ளைத் தலைத்துணி. மேசைக்கு எதிரே நின்றாள். உட்காரச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

"என் புருஷன் வீட்டாளுங்க பாட்டன் பேரெல்லாம் சொல்வாங்க. நான் வெளியில இருந்து வந்த மருமக. பெத்தவ நான். எனக்கு இவன் யாருமில்ல."

கர்னல் அவளை நிதானமாகப் பார்த்தார். ஆனால் அந்த ஆள் உங்கள் வாசலில் ஈரக்குலை என்று அழுதாரே என்றார்.

"அழுதான். ஊர் பாக்கணும்னு அழுதான். தொப்பியக்கூடக் கழட்டல. என் பிள்ளையக் கூட்டிட்டுப் போனவங்களும் இதே துணிதான் போட்டிருந்தாங்க. இவனும் அவங்கள்ல ஒருத்தன். இவனைப் போய்ச் சொந்தம்னு நான் எதுக்குச் சொல்லணும்?"

 அசனாலி சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓமுர்சாக் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பவேயில்லை. தான் கேட்டுக்கொண்டது இதைத்தான். ஆனால் அவள் அதை எங்கிருந்து எடுத்தாள், எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம் என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். கர்னல் கையைக் காட்டி நிறுத்தினார். விதி கேட்பது நெருங்கிய உறவை. பெற்ற தாயே இல்லை என்கிறாள். ஆறாம் தலைமுறைப் பாட்டனை வைத்து நான் அறிக்கையைத் தள்ள ஆரம்பித்தால் இந்த நாட்டில் ஒரு காவலரும் ஒரு வழக்கையும் தொட முடியாது என்றார். சற்று சலிப்போடுதான் சொன்னார். நல்லவரா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவருக்குக் கெல்திபெக்கைப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். அறிக்கை நின்றது. இரண்டு துப்பறியும் காவலர்களையும் அந்த வாரமே மாகாணத்துக்குக் கொண்டுபோனார்கள். கெல்திபெக் அதே நாற்காலியில் இருந்தார். மைத்துனரின் சிவப்புக் குதிரை பின்னால் வேறொரு மந்தையோடு கலந்து கிடைத்தது. அதைப் பற்றி ஊரில் யாரும் உரக்கப் பேசவில்லை.

ஓமுர்சாக்குக்கும் தண்டனை உண்டு. சீருடையோடு சடங்கில் கலந்துகொண்டது நிரூபணமாகிவிட்டது. இறந்தவனின் தாயே தொப்பியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கர்னல் அதை விட்டுவைக்கவில்லை. ஒரு கையால் கொடுத்தால் மறு கையால் எடுத்தாக வேண்டும் போலிருக்கிறது. வட்டாரக் காவலர் பதவி போயிற்று. ஆணையில் இருந்த அந்த வரியைக் காட்டியே, வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்றார்கள். கணவாய்ச் சாலையில் லாரிகளை நிறுத்திச் சோதிக்கும் சாவடிக்கு அவரை அனுப்பினார்கள். காற்று ஓயாத இடம். தகரக் கொட்டகை, இரும்புக் கட்டில். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு இறங்கி வருவார்.

இறங்கி வந்தால் மேல்தெருவில் யாரும் அவரிடம் சண்டை போடவில்லை. அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். பெற்றவள் வாயாலேயே சபையில் ஒதுக்கப்பட்டவன். அவனை எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உலார்பெக்கின் நாற்பதாம் நாள் விருந்துக்குக் குதிரை அறுத்தார்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு போயிற்று, பாத்மாவுக்கு வரவில்லை. சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பும் எலும்போடு கூடிய கறிப் பங்கும் வரவில்லை. கூப்பிட்டால் உறவு என்றாகிவிடும், வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார், அதனால்தான் என்று ஓமுர்சாக் அவளுக்கு விளக்கினார். பாத்மா கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, அந்த விளக்கத்தை அந்தம்மா உன்கிட்ட சொன்னாளா, நீயே சொல்லிக்கிறியா என்று கேட்டாள்.

 துர்துகானை ஓமுர்சாக் சந்தையில் ஒருமுறை எதிரெதிராகப் பார்த்தார். உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தாள். கை கொடுக்க ஓரடி எடுத்து வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவள் மூட்டையைத் தானே ஏற்றிக்கொண்டு, அவர் நின்ற இடத்தில் யாருமே இல்லாதது போலத் தாண்டிப் போனாள். அதில் நடிப்பு இருந்ததா என்று அவர் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் எதுவும் தெரியவில்லை.

வழக்கு மறு வசந்தத்தில் மாகாண நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சிகள் காத்திருக்கும் நடைபாதையில் இரண்டு பெஞ்சுகள். ஒன்றில் துர்துகான், அசனாலி, குளிப்பாட்டிய மூவர், பையனைக் குடிபோதையில் பார்த்ததாகச் சொல்ல வந்திருந்த கடைக்காரன்கூட. மற்றதில் ஓமுர்சாக் தனியாக. மதியமானபோது துர்துகான் பையைத் திறந்து ரொட்டியை எடுத்தாள். பிய்த்துத் தன் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தாள். கடைக்காரனுக்கும் கொடுத்தாள், அவனும் வாங்கிக்கொண்டான். வாசலில் நின்ற காவலனையும் வாப்பா என்று கூப்பிட்டுக் கொடுத்தாள். சன்னலோரம் நின்ற வக்கீல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையைத் தன் காலுக்கு இடையில் இறுக்கிக்கொண்டாள். ஓமுர்சாக்குக்குப் பசித்தது. காலையில் சாவடியிலிருந்து லாரியில் கிளம்பியவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே கூண்டுக்குள் அந்த இரண்டு துப்பறியும் காவலர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் அவருக்குத் தலையை அசைத்துப் பழைய பழக்கத்தில் வணக்கம் சொன்னான். துர்துகானையும் உள்ளே அனுமதித்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நீதிபதி பெயர், பதவி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க."

"தாயார்?"

"அந்தம்மாவும் யாருமில்ல."

வக்கீல் பின்னால் ஏதோ குறித்துக்கொண்டார். நீதிபதி, சரி, பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். ஓமுர்சாக் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தார்.